விறாந்தையில் விரித்த பாய்

கேள்வி: எனக்கு வயது 43, படிப்பிக்கிறேன். மனுசனுக்கு 49. ஏழு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்தவர். சீனி வருத்தம், பிரஷர் இரண்டுக்கும் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். வந்த புதிதில் ஒன்றாகத்தான் இருந்தோம். பிறகு நாலைந்து தரம் அவருக்கு இயலாமற் போனது. அதன்பின் உள்ளே புழுக்கம் என்று சொல்லி விறாந்தையில் பாய் விரித்தவர், மாரி வந்தும் உள்ளே வரவில்லை. பக்கத்தில் போய் இருந்தாலும் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுகிறார். கடைசி நாட்களில் எனக்கும் எரிவும் நோவும் இருந்தது. இப்போது நித்திரை இல்லை, அடிக்கடி தலையிடி, பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறா. அக்காவிடம் சாடையாகச் சொன்னேன். "இந்த வயசுல என்ன கதை இது, கோயில் குளமெண்டு இரி புள்ள" என்றா. அலுமாரிக்குள் ஒரு லேகியப் போத்தலும் கண்டேன். இது இல்லாமல் மனுசர் நல்லா வாழ இயலாதா? ஆசைப்படுகிற என்னில்தான் பிழையா?

அம்பாறை மாவட்டக் கரையோரத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பிழை இல்லை. 43 வயதில் கணவனின் அருகை உடம்பு தேடுவது சுகமாக உள்ள உடம்பின் குணம். மாதவிடாய் நிற்கும் வயதோடு பெண்ணின் ஆசையும் நின்றுவிட வேண்டும் என்று விதி இல்லை. சிலருக்குக் குறையும், சிலருக்குப் பிள்ளை தங்கிவிடுமோ என்ற பயம் போனதும் கூடும். அக்கா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பா. ஆனால் கோயிலுக்குப் போகிறவர் கணவனோடு படுக்கக் கூடாது என்று எந்தக் கோயிலில் எழுதியிருக்கிறது?

இது இல்லாமல் நல்லா வாழ இயலாதா என்றால், இயலும். சோறு, தண்ணீர், நித்திரை போன்றதல்ல இது. உடலுறவு இல்லாததால் எந்த உறுப்பும் பழுதாவதில்லை; 'உள்ளே தேங்கி' நோயாவதும் இல்லை. இரண்டு பேருக்குமே வேண்டாம், இருவரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் வைத்தியருக்கு வேலையில்லை. வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை எத்தனையோ வீடுகளில் கணவனும் மனைவியும் விலகித்தான் படுக்கிறார்கள். அதனால் எவருக்கும் தலையிடி வருவதில்லை. அது இருவரும் தெரிந்து எடுத்த முடிவு, முடிகிற நாளும் தெரியும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதை யாரும் தீர்மானிக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை, முடிகிற நாளும் இல்லை. அவர் உறவை மட்டும் நிறுத்தவில்லை, தொடுவதையும் நிறுத்திவிட்டார். பக்கத்தில் போய் இருந்தால் எழும்பிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி எனக்கு அதுதான். நித்திரையைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பாலியல் நலம் பற்றி 1975ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. நோய் இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, உடல், மனம், உறவு எல்லாம் சேர்ந்து நன்றாக இருப்பதுதான் பாலியல் நலம் என்பது பின்னாளில் அந்த நிறுவனம் தந்த விளக்கத்தின் சாரம். எத்தனை தரம் என்ற கணக்கு அதில் இல்லை. கணக்குப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 30,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளை அலசி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோடியாக வாழ்பவர்களின் மனநிறைவு கிழமைக்கு ஒரு தரம் என்ற அளவு வரை கூடிப்போய், அதற்கு மேல் கூடாமல் நின்றது. அதே வருடம் வெளிவந்த இன்னொன்றில், தம்பதிகளில் ஒரு பாதியினரை உறவை இரு மடங்காக்கச் சொல்லி மூன்று மாதம் பார்த்தார்கள். சந்தோசம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. சொன்னதற்காகச் செய்தால் ருசி போய்விடும், அவ்வளவுதான். ஆகவே மற்ற வீடுகளில் எத்தனை தரம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

உடம்புக்குக் கிடைக்கும் நன்மைகளைப் பற்றியும் இப்போது நிறையவே கூட்டிச் சொல்கிறார்கள். உச்சத்தின் பின் ஒக்சிற்றோசின், புரோலக்ரின் ஆகிய ஓமோன்கள் கூடும், தசைகள் தளரும், பலருக்கு நித்திரை இலகுவாக வரும். இவ்வளவு நிச்சயம். செலவாகும் சக்தி என்று பார்த்தால் இரண்டு மாடிப் படி ஏறுகிற அளவுதான், நடைப்பயிற்சிக்கு அது ஈடாகாது. உண்மையான நன்மை 'என்னை இந்த மனுசன் இன்னும் விரும்புகிறார்' என்ற நிச்சயத்தில் இருக்கிறது. அது இல்லாத வீட்டில் சின்னச் சின்னச் சொல்லும் குத்தும், பிள்ளை தேத்தண்ணியைக் கொட்டினாலும் கோபம் வரும்.

ஆனாலும் தலையிடி, நித்திரையின்மை எல்லாவற்றையும் இதன் தலையில் போட்டுவிடாதீர்கள். இந்த வயதில் ஓமோன்கள் ஏறி இறங்கத் தொடங்கியிருக்கலாம். அதனால் நடுச்சாமத்தில் வியர்த்து விழிப்பு வரும், எரிச்சலும் வரும். பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, ஹீமோகுளோபின், தைரொயிட் நான்கையும் ஒருக்கால் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் என்றால் களைப்புக்கும் தலையிடிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கொப்பி திருத்துகிறவர் என்பதால் கண்ணையும் சோதியுங்கள். இன்னும் இரண்டு கேள்வி உங்களை நீங்களே கேட்க வேண்டும்: போன இரண்டு கிழமையில் அனேகமான நாட்கள் மனம் சோர்ந்து கிடந்ததா? முன்பு பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், முகம் காட்டாமல் பேசலாம்.

இனி அவரைப் பற்றி. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சீனி வருத்தத்தோடு மிக அடிக்கடி வரும் கதை. மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களைப் பார்த்து 1994இல் வெளிவந்த ஆய்வில், 52 வீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைவு இருந்தது. நீரிழிவுக்கு மருந்து எடுத்தவர்களில் முழு இயலாமை மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஏன் என்றால், விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. மூளையிலிருந்து நரம்பு வழியே செய்தி வந்ததும் ஆணுறுப்பின் நரம்பு முனைகளும் குருதிக்குழாய்களின் உட்சுவரும் நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயுவை விடும். குழாய்கள் தளர்ந்து விரிந்து இரத்தம் நிரம்பும். நிரம்பிய அழுத்தத்தில் வெளியேறும் நாளங்கள் நசுங்கி, வந்த இரத்தம் உள்ளேயே நிற்கும். வயலில் தண்ணீர் நிற்க வாய்க்காலும் ஓட வேண்டும், வக்கடையும் அடைபட வேண்டும் அல்லவா, அதுபோல. பல வருடம் கூடிய சீனி அந்த உட்சுவரையும் நரம்பையும் இரண்டையுமே அரிக்கிறது. பிரஷர், கொழுப்பு, புகை, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் அதற்குத் துணை போகும்.

இதில் ஒரு விசயத்தை அவர் கட்டாயம் அறிய வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்களின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீற்றர், இதயத்துக்குப் போகிறவை 3 முதல் 4 மில்லிமீற்றர். படிவு ஒரே மாதிரிப் படிந்தாலும் சிறிய குழாயில்தான் முதலில் தெரியவரும். இதயத்தின் அடைப்பு நெஞ்சு நோவாக வெளிப்படுவதற்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு முன்னமே விறைப்புக் குறைவது பலரில் காணப்பட்டிருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்கிற இந்தக் குறை இதயம் அனுப்பிய முதல் கடிதமாகவும் இருக்கலாம். ஈ.சீ.ஜீ.யும் கொழுப்புச் சோதனையும் செய்யாமல் குளிசைக்கு மட்டும் போவது சரியல்ல.

உடம்பில் தொடங்கியது மனதில் ஊன்றிவிடும். நாலு தரம் இயலாமற் போனவருக்கு ஐந்தாம் தரம் 'இன்றைக்கும் அப்படித்தானோ' என்ற பயம் வரும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குழாய்களை இறுக்கும். பிறகு விறைப்பு எங்கிருந்து வரும்? அடுத்த கட்டம், உங்கள் கை தோளில் பட்டாலே 'இது எங்கே போய் முடியுமோ' என்று எழும்பிப் போவது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு எழுதப்படுவது, மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். ஏழு வருடம் காசு அனுப்பியவராக இருந்துவிட்டு இப்போது மனைவியின் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் மாமி படுத்திருக்க, தான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டு கிடக்கிற ஒருவருக்கு விறாந்தைதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும். நீங்கள் அதை 'என்னைப் பிடிக்கவில்லை' என்று படித்திருக்கிறீர்கள்.

விடிய எழும்பும்போது விறைப்பு வருகிறதா என்பது நல்ல ஒரு சோதனை. வருகிறது, ஆனால் உறவின்போது இல்லை என்றால் பயத்தின் பங்கு பெரிது. எந்த நேரமும் இல்லை, மெல்ல மெல்லக் குறைந்து வந்தது என்றால் குழாய், நரம்பின் பங்கு பெரிது. அவருக்கு இரண்டும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கிளினிக்கில் இதைச் சொல்வது எப்படி? ஒரே மேசையைச் சுற்றி நாலு நோயாளர், பக்கத்தில் தாதி, பின்னால் ஊர்க்காரர். எவருக்கும் வாய் வராது. ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுக்கட்டும்: "ஒன்றரை வருடமாக விறைப்புக் குறைவு. காலையில் வருகிறது/இல்லை. நெஞ்சு நோவு இல்லை. எடுக்கும் குளிசைகள் இவை." இந்த நாலு வரி போதும். வைத்தியர் வாசித்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்காமல் விட்டால் கடைசி இலக்கமாக நின்று திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு ஊர் கிளினிக்குக்கு மாறலாம். அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று தெரிந்த முகம் இல்லாத இடம் உங்களுக்குத் தூரமில்லை.

அங்கே பார்க்க வேண்டியது மூன்று மாதச் சீனிச் சராசரி (7 வீதத்துக்குக் கீழ் கொண்டுவருவதே பொதுவான இலக்கு), கொழுப்பு, சிறுநீரகம், ஆசையே குறைந்திருந்தால் காலை 11 மணிக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஆண் ஓமோனான டெஸ்ரோஸ்ரெரோன். பிரஷர் குளிசைகளில் ஹைட்ரோகுளோரோதயசைட், அட்டெனொலோல், புரொப்ரனொலோல் போன்றவை விறைப்பைக் குறைக்கக் கூடியவை. லொசார்ட்டன் அப்படியல்ல. மனச்சோர்வுக்குத் தரும் புளுவொக்செற்றின், சேர்ட்ரலின் உச்சத்தைத் தள்ளிப்போடும். தானாக நிறுத்தக் கூடாது, மாற்றித் தரலாமா என்று கேட்க வேண்டும். முன்தோலில் சிவப்பு, வெடிப்பு, தோலைப் பின்னிழுக்க நோவு இருக்கிறதா என்பதையும் அவரே வெளிச்சத்தில் பார்க்கட்டும். சீனி கூடியவர்களுக்குப் பூஞ்சணம் அங்கே வரும், சீனிக்குத் தரும் எம்பகிளிப்ளோசின், டப்பகிளிப்ளோசின் குளிசை எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நோவுக்குப் பயந்தே சில ஆண்கள் ஒதுங்குகிறார்கள், வெளியில் சொல்வதில்லை. வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, குளோட்ரிமசோல் கிறீம் தினம் இரண்டு தரம், இரண்டு கிழமை வரை பூசினால் அனேகமாக மாறும். உங்கள் எரிவுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், இருவரும் ஒன்றாகப் பூச வேண்டி வரும். நீண்ட பிரிவுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையையும் ஒரு முறை முடித்துவிடுவது நல்லது. அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் அது இலவசம், இரகசியம். இது சந்தேகப் பேச்சு அல்ல, சீனி பார்ப்பது போல ஒரு சோதனை.

விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் குளிசை 1998இல் அனுமதி பெற்று வந்தது. நைத்திரிக் ஒக்சைட்டின் வேலையை நீட்டிப்பதுதான் அது செய்வது. குளிசை போட்டும் சரிவரவில்லை என்கிறவர்களில் பலர் போட்ட விதம்தான் பிழை. புரியாணியோ இறைச்சிக் கறியோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து சேரப் பிந்தும், வேகமும் குறையும். வெறும் வயிற்றில் அல்லது இலேசான உணவோடு, ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போட வேண்டும். போட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, தொடுகையும் கிளர்ச்சியும் வேண்டும். வழமையான தொடக்கம் 50 மில்லிகிராம், வைத்தியர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஒரு நாள் பார்த்துவிட்டுக் கைவிடக் கூடாது, ஆறு தொடக்கம் எட்டுத் தரம் முயன்ற பிறகே சரிவருமா இல்லையா என்று சொல்ல முடியும். அதே வகைக் குளிசையான டடலாஃபில் 36 மணித்தியாலம் வரை நிற்கும் என்பதால் நேரம் பார்க்கும் பதற்றம் குறைவு. தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு சாதாரணம். விறைப்பு 4 மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கட்டாயமாக ஒன்று. நாக்குக்கு அடியில் வைக்கும் ஜீ.ரீ.என். குளிசையோ, ஐசோசோர்பைட் குளிசையோ எடுக்கிற இதய நோயாளர் சில்டெனாஃபிலையோ டடலாஃபிலையோ தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் விழுந்து உயிர் போகலாம். பிரஷருக்குத் தரும் பிரசோசின் எடுப்பவர்களும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இதயம் தாங்குமா என்று பார்க்க ஒரு எளிய வழி: 20 நிமிடத்தில் 1.6 கிலோமீற்றர் நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ இல்லாமல் நடக்க முடிகிறதா? முடியாவிட்டால் முதலில் இதய வைத்தியர், மற்றது பிறகு.

மருந்தில்லாத வழியும் உண்டு, அது மருந்துக்கும் கை கொடுக்கும். 40 நிமிட வேக நடை, கிழமைக்கு 4 நாள், 6 மாதம். இந்த அளவு உடற்பயிற்சி விறைப்பை மேம்படுத்துவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கடற்கரை மணலில் விடிய நடக்கலாம், நீங்களும் கூடப் போகலாம், அதன் பலன் நடைக்கு மேலானது. இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் குறைக்க வேண்டும். கசிப்போ பியரோ 'தைரியத்துக்கு' எடுப்பவராக இருந்தால், அது ஆசையைக் கூட்டிக் காரியத்தைக் கெடுக்கும்.

உங்கள் நோவுக்கு வருவோம். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே பெண் ஓமோனான ஈஸ்திரஜன் ஏறி இறங்கிக் குறையத் தொடங்கும், யோனிச் சுவர் மெலிந்து ஈரம் குறையும். இன்னொரு காரணம் அவசரம். அவருக்கு 'இருக்கிற நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்' என்ற பதற்றம் வந்த நாள் முதல் உங்களுக்கு நேரம் கிடைத்திராது. பெண் உடம்பு தயாராக அனேகமாக 15, 20 நிமிடம் எடுக்கும். ஆசை முதலில் வர வேண்டும் என்பதும் இல்லை, தொட்டு அணைத்து இருக்கும்போது பின்னால் வருகிற ஆசையும் ஆசைதான். உட்புகுத்தலால் மட்டும் உச்சம் அடைகிற பெண்கள் சிறு பகுதியினர். அனேகருக்குக் கிளிட்டோரிஸில், அதாவது பெண்ணுறுப்பின் மேல் முனையில் பயறளவாகத் தெரியும் பகுதியில் தொடுகை வேண்டும். தெரிவது பயறளவு, உள்ளே அது விரல் நீளத்துக்குப் பரந்திருக்கிறது. அதன் முழு அமைப்பு மருத்துவ இதழில் ஒழுங்காக வரையப்பட்டதே 1998இல்தான் என்றால், எங்கள் மனுசர்களுக்குத் தெரியாததை எப்படிக் குறை சொல்வது? எங்கே, எப்படி என்று நீங்கள்தான் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதை நீங்கள் தனியாக அறிந்துகொள்வதும் தவறல்ல, நோயுமல்ல.

வரட்சிக்கு மருந்துக்கடையில் கே-வை ஜெலி போன்ற தண்ணீர் கலந்த வழுக்கும் ஜெல் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி அளவு, இருவருக்கும் பூச வேண்டும், காய்ந்தால் திரும்பப் பூசலாம். தேங்காயெண்ணெய் ஆணுறையைச் சில நிமிடத்தில் பலமிழக்கச் செய்யும், ஆகவே ஆணுறை பாவிக்கிற நாளில் அது வேண்டாம். உள்ளே சவர்க்காரம், டெட்டோல் விட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். யோனி தன்னைத் தானே காக்கிற இடம், அதன் புளிப்புத்தன்மையைக் கெடுத்தால் எரிவும் பூஞ்சணமும் வரும். ஜெல் போட்டும் நோவு மாறாவிட்டால் பெண்நோயியல் கிளினிக்கில் ஈஸ்திரஜன் கிறீம் கேட்கலாம். வழமையாக இரண்டு கிழமை ஒவ்வோர் இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு தரம். காரணமில்லாத இரத்தப்போக்கோ மார்புப் புற்றுநோயோ இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். உறவின் பின் இரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 35, 45 வயதில் வெல் வுமன் கிளினிக்கில் செய்யும் கருப்பைக் கழுத்துச் சோதனையை 35இல் தவற விட்டிருந்தால், இப்போதே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள்.

பிள்ளைத் தடுப்பை மறக்காதீர்கள். 43இலும் தங்கும். 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதன்பின் இரண்டு வருடம், 50க்குப் பின் என்றால் ஒரு வருடம் வரை தடுப்பு வேண்டும். மூன்று மாத ஊசி போடுபவராக இருந்தால், சிலருக்கு அதனாலேயே ஆசை குறைவதுண்டு, லூப்புக்கு மாறலாம்.

பேச்சை எப்படித் தொடங்குவது? இரவில் படுக்கையில் வேண்டாம். முகத்துக்கு முகம் பார்க்காத இடம் நல்லது, நடக்கும்போது அல்லது மோட்டார்சைக்கிளில் போய்வரும் வழியில் கடற்கரையில் நிறுத்தி. "நீங்க வெளியில படுக்கத் தொடங்கினதுல இருந்து எனக்கு நித்திரை இல்ல. மற்றது ஒண்டும் வேணாம். பக்கத்துல வந்து படுங்க." இவ்வளவுதான். அடுத்த நாள் அல்லது அடுத்த கிழமை: "சீனியால ஆம்பிளையளுக்கு இப்பிடி வாறதாம், மருந்து இருக்காம். கிளினிக்குக்கு நானும் வாறன்." 'உங்களுக்கு என்னவோ ஆகிட்டு' என்பது எப்படியும் வாயில் வரக் கூடாது. அதைவிடக் கேடு 'பரவாயில்லை, எனக்கு அது தேவையில்லை' என்று ஆறுதல் சொல்வது. அவர் அதைக் கதவு சாத்த அனுமதியாக எடுத்துக்கொள்வார், நீங்களோ பொய் சொன்னவராவீர்கள்.

அவர் உள்ளே வந்து படுத்ததும் ஒரு கட்டுப்பாடு போடுங்கள்: முதல் ஒரு மாதம் உடலுறவு கிடையாது, விறைப்பு வந்தாலும் கிடையாது. விநோதமாக இருக்கும். ஆனால் மாஸ்ரர்ஸ், ஜோன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாளப்படும் முறை இது. தேர்வே இல்லை என்று தெரிந்தால் தோல்விப் பயமும் இராது. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொன்றும் 30 நிமிடம். முதல் இரண்டு கிழமை மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுத் தலை, முதுகு, கை, கால் மட்டும், 15 நிமிடம் அவர் உங்களை, 15 நிமிடம் நீங்கள் அவரை. தொடுகிறவர் தன் கைக்குத் தெரியும் சூடு, மென்மை, சொரசொரப்பைக் கவனிக்க வேண்டும், மற்றவரைக் கிளப்ப முயலக் கூடாது. மூன்றாம், நாலாம் கிழமை எல்லா இடமும் சேரலாம். விறைப்பு வந்தால் கையை எடுத்து அது இறங்க விடுங்கள், பிறகு திரும்பத் தொடுங்கள். இறங்கியது திரும்ப வரும் என்று அவர் கண்ணால் காண்பதுதான் இந்த முறையின் உயிர். ஐந்தாம் கிழமை ஜெல் பூசி, நீங்கள் மேலிருந்து, அசையாமல் உள்ளே வைத்திருப்பது. அசைவு அதற்கும் பிறகு. இடையில் ஒரு நாள் பதற்றம் வந்தால் ஒரு படி பின்னுக்குப் போங்கள். இந்த முறையைக் கெடுப்பது அனேகமாக ஒன்றுதான்: இரண்டாம் கிழமையே நல்ல விறைப்பு வந்துவிட, கட்டுப்பாட்டை மீறிப் பார்த்து, அது நடுவில் விழுந்து, அவர் திரும்ப விறாந்தைக்குப் போவது.

வீட்டில் இதற்கு இடமும் நேரமும் வேண்டும். பிள்ளைகள் ரியூசனுக்கும் அம்மா கோயிலுக்கும் போகிற ஒரு காலை நேரம் இரவைவிட நல்லது. காலையில் அவருக்குக் களைப்பும் குறைவு. அறைக்கதவுக்கு உள்ளே ஒரு கொழுக்கி பூட்டுங்கள். கிறீச்சிடும் பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விடுங்கள், அது பயன்படுகிற இடம் அதுதான். காத்தாடி ஓடினால் சத்தத்துக்கும் புழுக்கத்துக்கும் சேர்த்து மருந்து. 'உள்ளே புழுக்கம்' என்று சாட்டுச் சொன்னவருக்கு அந்தச் சாட்டும் இல்லாமற் போகும்.

அந்த லேகியப் போத்தல் விசயம். 'ஆண்மைக்கு' என்று விற்கப்படும் மூலிகைப் பொருட்கள் பலவற்றில் சில்டெனாஃபிலை அளவில்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கலப்பில்லாதது என்றாலும் சீனியும் தேனும் நெய்யும் அவருக்கு வேண்டாத சாமான்கள். இதை விற்கிறவர்கள் ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி இரத்தம் என்று பயம் காட்டியிருப்பார்கள். ஒரு தரம் வெளியேறுவது 2 முதல் 5 மில்லிலீற்றர், அதில் பெரும் பகுதி தண்ணீர், உடம்பு அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் போத்தலை எடுத்து ஒளிக்காதீர்கள், ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். ஆசை விட்டுப்போன மனுசன் காசு கொடுத்து லேகியம் வாங்கமாட்டார். அவர் கிளினிக்குக்குச் சம்மதிக்கிற நாளில், லேபலைக் கிழிக்காமல் அதையும் கொப்பியோடு பையில் வைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்பதையும் அந்தத் துண்டில் ஐந்தாவது வரியாக எழுதட்டும்.